திருக்கைக்கு எலும்பு ஏது?

சென்ற மாதம் சிங்கம்புணரிக்குப் போயிருந்தேன். என் தமக்கையை அந்த ஊரில்தான் கொடுத்திருக்கிறது. அவளுடைய பெண்ணுக்குத் தலைப் பிரசவம். ஆண் குழந்தை, தாயும் சேயும் சௌக்கியம். தாய்மாமன் பதவிக்கு உரிய வெள்ளிக் காப்பும் கையுமாக நான் போய் இறங்கிய வேளையில், 'வா' என்று சொல்லக்கூட வாசலில் ஆள் இல்லை. வீடு முழுவதும் கொல்லைப்புறத்தில் கூடியிருந்தது. அங்கே திருக்கை மீன் வந்திருந்தது!

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டும் திருக்கைப் புட்டும் கொடுத்தால் பால் நன்றாகச் சுரக்கும் என்பது நம் பாட்டிமார்களின் தீர்ப்பு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. (மரக்கறி உண்ணும் சகோதரிகள் இந்த இரண்டு பாராவை மட்டும் தாண்டிவிடலாம். பின்னால் பூஜை அறைச் சாளக்கிராமமும் வருகிறது.) சிங்கம்புணரியிலிருந்து கடலுக்கு நேர்கோடு போட்டு அளந்தாலும் 80 கிலோமீட்டர் ஆகும். தென்னை நாரும், கயிறும், சேவுகப்பெருமாள் அய்யனார் கோயிலுமாக இருக்கிற ஊர். அங்கே கடல் மீன் ஐஸ் பெட்டியில்தான் வந்து சேர வேண்டும். அப்படித் தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த திருக்கை, மீன்காரம்மாளின் அலுமினியப் பாத்திரத்தில், மடித்து வைத்த குடை போலக் கிடந்தது.

"வாங்க தம்பி, சித்தே ஒதுங்கி நில்லுங்க" என்று வரவேற்றார் தமக்கையின் மாமியார். அத்தைக்கு வயது எழுபதுக்கு மேல். மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டும் சின்ன வெங்காயமும் மிளகும் சேர்த்து அவர் புட்டு வதக்குகிற வாசனை தெருமுனை வரை போகும் என்று சொல்வார்கள். பக்கத்தில் குந்தியிருந்தான் என் தமக்கையின் கடைக்குட்டி. நாலாம் வகுப்பு. அவன் கேட்டான்:

"அப்பத்தா, இந்த மீனுக்கு முள்ளு எங்கே?"

"இதுக்கு முள்ளு கிடையாதுடா. எல்லாம் குருத்து. மென்னு தின்னுடலாம்."

பையன் சற்று யோசித்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். "எலும்பே இல்லேன்னா, இது செத்துப் போனா என்ன மாமா மிச்சம் இருக்கும்?"

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். நல்ல வேளையாக மீன்காரம்மாள் முந்திக்கொண்டாள். "பல்லு மிஞ்சும், வால் முள்ளு மிஞ்சும். வேற ஒண்ணும் மிஞ்சாது, ராசா."

உலகத்துப் பூகர்ப்ப சாஸ்திரிகள் எல்லோரும் கூடி உட்கார்ந்தாலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

✻

திருக்கையும் சுறாவும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். இரண்டுக்கும் உடம்பில் எலும்பு கிடையாது. நம் காது மடலிலும் மூக்கு நுனியிலும் இருக்கிறதே, அந்தக் குருத்தெலும்புதான். சுறா இனம் பூமியில் 40 கோடி வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. திருக்கை கொஞ்சம் பின்னால் வந்தது. அகப்பட்டவற்றுள் மிகப் பழையவை சுமார் 18 கோடி வருஷத்தவை. கடலின் அடித்தரையில் படுத்து வாழத் தொடங்கிய சுறாவை மேலேயிருந்து யாரோ சப்பாத்திக் கட்டையால் உருட்டிவிட்டது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் திருக்கை. வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி என்று மீன்காரம்மாளிடம் கேட்டேன். "செவுளு பக்கவாட்டுல இருந்தா சுறா, வயித்துப் பக்கம் இருந்தா திருக்கை" என்றாள். மீனைக் குப்புறப் புரட்டியும் காட்டினாள். பாடப் புத்தகமும் இதையேதான் சொல்கிறது.

ஆனால் செவுளும் இல்லை, உடம்பும் இல்லை, ஒரே ஒரு பல்தான் இருக்கிறது என்றால்? அங்கேதான் பெரிய பெரிய மேதைகள் எல்லாம் சறுக்கி விழுந்திருக்கிறார்கள். அப்படி விழ வைத்த மீன் ஒன்றின் பல் நம் திருச்சி ஜில்லாச் சீமையிலேயே கிடைத்திருக்கிறது. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன், பல் கிடந்த கடலைப் பார்த்துவிட வேண்டும்.

சிங்கம்புணரிக்கு வடக்கே திருச்சியைத் தாண்டிப் போனால், பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்கள். ஊட்டத்தூர், காரை, கல்லக்குடி என்று ஊர்கள். அந்தப் பூமியெல்லாம் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. 'ஒரு காலம்' என்றால் ராஜராஜன் காலமல்ல. தென்துருவத்து அண்டார்க்டிகாவோடு ஒட்டிக்கொண்டிருந்த நம் தேசம், சுமார் 13 கோடி வருஷத்துக்கு முன் அதை விட்டுப் பிரிந்து வடக்கே நகரத் தொடங்கியது. பிரிந்த விளிம்புதான் நமது கிழக்குக் கரை. விளிம்பு தாழ்ந்த இடத்தில் கடல் உள்ளே நுழைந்தது. ஏறுவதும் இறங்குவதுமாகப் பல கோடி வருஷம் அங்கேயே குடித்தனம் நடத்திவிட்டுப் பிறகுதான் விலகிப் போயிற்று. ராமநாதபுரம் பக்கத்தில்கூடப் பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் அந்தக் காலத்து வண்டல் இருக்கிறது. எரிவாயு தேடித் துளை போட்டவர்கள் கண்டது அது. சிங்கம்புணரிப் பாறை வேறு ஜாதி. பிரான்மலையைப் போன்ற குன்றுகளின் கல், சுறாவும் திருக்கையும் பிறப்பதற்கு முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய கல். அதில் எத்தனை உளி போட்டாலும் மீன் அகப்படாது.

இந்தப் பழைய கடலை முதலில் கண்டுகொண்டவர்கள் சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரர்கள். 1840-களின் தொடக்கத்தில் கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் கல்லாய்ப் போன சங்குகளையும் சிப்பிகளையும் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். 1857-லிருந்து எச். எப். பிளான்ஃபோர்டு என்பவர் இந்தப் பிரதேசத்துக்குப் படம் வரைந்து, அடுக்குகளுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே வைத்தார். இன்றைக்கும் உலகத்துப் புத்தகங்களில் அவை அந்தப் பெயர்களோடுதான் நிற்கின்றன. (அதே பிளான்ஃபோர்டுதான் 1875-ல் இந்திய வானிலை இலாகாவின் முதல் தலைவரானார். போய்விட்ட கடலைப் பார்த்து முடித்த பிறகு, வரப் போகிற மழையைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார் போலும்.)

✻

கல்லூரியில் படிக்கும்போது நானும் ஒரு தரம் காரைக்குப் போனேன். ஆசிரியரோடு இருபது பேர், ஒரு பஸ், ஒரு அண்டா தயிர் சாதம். ஊரை விட்டுச் சிறிது தூரம் நடந்ததும் பூமி திடீரென்று வெடித்துப் போனது மாதிரி இருக்கும். மஞ்சளும் சாம்பலுமாகக் களிமண் மேடுகள், நடுவே மழை அறுத்த ஆயிரம் வாய்க்கால்கள். புல் பூண்டு கிடையாது. அந்த உச்சி வெயிலில் 'இது கடலின் அடித்தரை' என்று ஆசிரியர் சொன்னபோது எங்களில் ஒருவனுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

குனிந்து பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. காலடியெல்லாம் துப்பாக்கித் தோட்டா மாதிரி வழவழவென்று கல் துண்டுகள். கணவாய் மீனுக்குத் தாயாதியான ஒரு பிராணியின் உடம்புக்குள் இருந்த கம்பு அது. பெலம்நைட் என்று பெயர். சுருட்டிய பாம்பு போன்ற அம்மோனைட்டுகளும் உண்டு. சகோதரிகளே, உங்கள் பூஜை அறையில் சாளக்கிராமம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். உள்ளே சக்கரம் மாதிரி சுருள் தெரிகிறதல்லவா? நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் அந்தக் கல்லும், இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே இருந்த கடலின் அம்மோனைட்டுதான். தினம் அபிஷேகம் பெறுகிற கடற்பிராணி! மகாவிஷ்ணு பாற்கடலை விட்டு அதிக தூரம் போகவில்லை என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அன்றைக்கு நான் ஒரு பெலம்நைட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். எங்கே, எந்த மேட்டில், எந்த அடுக்கில் எடுத்தேன் என்று குறித்துக்கொள்ளவில்லை. பிற்பாடு பெருமையாக ஆசிரியரிடம் நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊர் தெரியாத கல் வெறும் கல்தானப்பா" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு முகம் செத்துப் போயிற்று. அந்தக் கோபத்தில், விடுமுறைக்குச் சிங்கம்புணரி வந்தபோது அதைத் தமக்கை பெண்ணிடம் விளையாடக் கொடுத்துவிட்டேன். அப்போது அவளுக்கு ஐந்து வயசு. அவள் அதைச் சொட்டாங்கல்லில் சேர்த்துக்கொண்டாள். இன்று பிரசவ அறையில் படுத்திருக்கிறவள் அவள்தான்.

✻

இனி அந்தப் பல்லுக்கு வருவோம்.

1830-களில் அகாசிஸ் என்ற சுவிட்ஜர்லாந்து மேதை ஐரோப்பாவில் கிடைத்த ஒருவகைப் பல்லுக்கு டைக்கோடஸ் என்று பெயர் வைத்தார். கடிக்கிற பல்லல்ல; அரைக்கிற பல். மேலே வரி வரியாக மடிப்பு. ஒன்றையொன்று ஒட்டி, தளவரிசை போட்டது மாதிரி வாயில் அமைந்திருந்தது. ஆத்தங்குடிக் கல் பாவிய முற்றம் ஞாபகம் வருகிறதா? அப்படி. இப்போதும் கடலில் கழுத்திருக்கை, காக்காத்திருக்கை என்று சொல்லப்படும் சில வகைகளுக்கு வாயில் இந்த மாதிரித் தளம்தான். அதில் வைத்துச் சிப்பியை நொறுக்கித் தின்னும். ஆகவே, 'டைக்கோடஸ் என்பது ஒரு பெரிய திருக்கை. கடலடியில் மெதுவாக ஊர்ந்து சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த பரம சாது' என்று பல வித்வான்கள் வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இல்லை, வேறு ஜாதிப் பழைய சுறா என்று வேறு சிலர். வழக்கு இழுத்துக்கொண்டே போயிற்று. உலகமெங்கும் பல் கிடைத்தது, உடம்பு கிடைக்கவில்லை. குருத்தெலும்பு அழுகிக் கரைந்துவிடும், பாருங்கள்.

காரை அடுக்கிலிருந்தும் ஒரு டைக்கோடஸ் வகை உண்டு என்று 2012-ல் நம் இந்திய ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். வயசு 9 கோடிக்கும் 10 கோடிக்கும் நடுவே. அதற்கு முந்தின வருஷம்தான் அதே காரையிலிருந்து பலவகைச் சுறாப் பற்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வந்திருந்தது. அவற்றில் புதிதாகக் கண்ட ஒரு சுறாவுக்குத் தென்னிந்தியாவின் பெயரையே சேர்த்து 'சுடிண்டிகஸ்' என்று வைத்துவிட்டார்கள். நாங்கள் தயிர் சாதம் சாப்பிட்ட இடத்தில் இத்தனை பேர் வாயைத் திறந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

தீர்ப்பு 2024-ல் வந்தது. மெக்ஸிகோ தேசத்தில் வாயெசியோ என்ற ஊரின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், டைக்கோடஸ் தலை முதல் வால் வரை, உடம்பின் விளிம்பு உள்பட, கல்லில் அச்சடித்தது போல் அகப்பட்டது. பார்த்தால் திருக்கையே அல்ல. கூர்மையாகச் செதுக்கிய உடம்பு. வேகமாக நீந்துகிற வால். ஜாதகம் பார்த்தால் இன்றைய பெரிய வெள்ளைச் சுறாவின் வம்சம்! கடலடியில் ஊர்ந்த சாதுவல்ல. திறந்த கடலில் ஆமையையும் அம்மோனைட்டையும் துரத்திப் பிடித்து ஓட்டோடு அரைத்துத் தின்ற சூரன். அதாவது, அந்த ஒரு பல்லுக்காக நாம் மனக்கண்ணில் வரைந்து வைத்திருந்த காரைக் கடலின் படத்தில், அடித்தரையில் படுத்திருந்த ஒன்றை எடுத்து மேலே நீந்தவிட வேண்டியதாயிற்று. மீன்காரம்மாளிடம் முழு மீனைக் காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். முழு மீன் கிடைப்பதற்குத்தான் 190 வருஷம் பிடித்தது.

"அப்ப நிஜமான திருக்கை ஒண்ணும் இல்லியா மாமா?" என்று பையனுக்கு வருத்தம்.

இருக்கிறது. அதுவும் சாமானியத் திருக்கை அல்ல. ஒரு பெரிய வழக்கில் சாட்சி சொன்ன திருக்கை. பம்பாயிலிருந்து நாகபுரி வரை தக்காணத்தை மூடியிருக்கிற கருங்கல், பூமி வெடித்து வழிந்த எரிமலைக் குழம்பு. அது எப்போது வழிந்தது என்று வெகு நாளாகச் சர்ச்சை. குழம்பு அடுக்குகளுக்கு இடையிலும் அடியிலும் சிக்கிய மண்ணில், ஆஸிபாபாத் (இன்றைய தெலங்கானா) பக்கத்திலும் நாகபுரிப் பக்கத்திலும், சில மில்லிமீட்டர் அளவே உள்ள பற்கள் கிடைத்தன. 1993-ல் நமது ஜி.வி.ஆர். பிரசாதும் பிரெஞ்சுக்காரர் ஹென்றி கப்பெட்டாவும் அவற்றை ஆராய்ந்து, இவை ஒரு திருக்கையின் பற்கள் என்று கண்டு, இக்டபாட்டிஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் உறவுக்காரத் திருக்கை ஆப்பிரிக்காவின் நைஜர் தேசத்தில், டைனோசர்கள் அழிந்த காலத்துக்குச் சற்று முந்திய அடுக்குகளில் ஏற்கனவே தெரிந்திருந்தது. ஆகவே இந்த எரிமலையும் ஏறத்தாழ அந்தக் காலத்ததுதான், சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷம், என்பதற்கு அந்தப் பொடிப் பற்களும் ஓர் ஆதாரமாயின. தேசத்தில் பாதியை மூடிய நெருப்புக்கு வயசு சொல்ல, அரிசியில் பாதி அளவு பல்!

அந்தப் பற்களைத் தேடுகிற முறையைக் கேட்டால் நம் பெண்மணிகள் ஆராய்ச்சிக்காரர்களாகவே போய்விடலாம் என்று தோன்றும். மூட்டை மூட்டையாக மண்ணைக் கொண்டுவந்து, தண்ணீரில் ஊறப் போட்டு, நைஸான சல்லடையில் அலசிச் சலித்து, மிஞ்சின நொய்யை உலர்த்தி, உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொரு மணியாகப் புடைத்துப் பொறுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான். இங்கே கல்லில் அரிசி.

✻

இதையெல்லாம் நான் முற்றத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து தமக்கை பெண் கூப்பிட்டாள். "மாமா, பல்லை விடுங்க. முழுத் திருக்கை எங்கேயுமே கிடைக்கலியா?" குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

கிடைத்திருக்கிறது. ஆனால் அபூர்வம். சேறு மிக நைஸாக இருக்க வேண்டும், அலை இருக்கக்கூடாது, தின்ன வருகிற பிராணி இருக்கக்கூடாது. லெபனான் மலையில் ஹாகெல் என்ற கிராமத்துச் சுண்ணாம்புப் பாளங்களைப் பிளந்தால், நம் காரைக் கடலின் சமகாலத்துத் திருக்கைகள் கோலம் போட்டது மாதிரி இருக்கின்றன. அமெரிக்காவில் வயோமிங் மாகாணத்தில் 5 கோடியே 20 லட்சம் வருஷத்துக்கு முன் ஒரு நன்னீர் ஏரி இருந்தது. அதன் அடியில் விசிறி மடிப்பு ஒவ்வொன்றும், வால் முள் உள்பட, தெளிவாகத் தெரிகிற திருக்கைகள். (திருக்கை வால் சவுக்கைப் பற்றி ஜமீன்தார் கதைகளில் படித்திருப்பீர்களே, அந்த வால்.) அந்த ஏரித் திருக்கைகளில் ஒன்று, கருவுற்ற நிலையில் இறந்த தாய். வெளி வர வேண்டிய குஞ்சும் கல்லாகி அதனோடு இருக்கிறது.

இதைச் சொன்னதும் அத்தை அகப்பையை நிறுத்தினார். "மீனு முட்டையல்லவா போடும், தம்பி?"

பெரும்பாலான மீன் முட்டை போடும். கொட்டுகிற திருக்கை குட்டி போடும். அதோடு இல்லை. இந்த வகைத் திருக்கைகளின் கருப்பைச் சுவரில் மெல்லிய விரல்கள் மாதிரி வளர்ந்து, அவற்றிலிருந்து கொழுப்பும் சத்தும் நிறைந்த பால் போன்ற ஒரு திரவம் சுரக்கிறது. வயிற்றுக்குள் இருக்கிற குஞ்சு அதைக் குடித்துத்தான் வளர்கிறது. வெளியே வந்த பிறகு பால் கிடையாது. உள்ளேயே கொடுத்து அனுப்பிவிடுகிறாள்.

அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அதான் பார்த்தேன்" என்றார். புட்டு மறுபடியும் வதங்கத் தொடங்கியது. அவருடைய பத்தியத்துக்கு விஞ்ஞானம் கையெழுத்துப் போட்டுவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டதை நான் மறுக்கப் போகவில்லை. திருக்கை தன் குஞ்சுக்குக் கொடுக்கிற பாலுக்கும் அதைச் சாப்பிடுகிற தாய்க்குச் சுரக்கிற பாலுக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் சொல்லவில்லை. நல்ல புரதம் என்பது மட்டும் நிச்சயம்.

ஆனால் இந்தத் தாய்மையில்தான் அதற்கு ஆபத்தும் இருக்கிறது. நெத்திலியும் மத்தியும் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். திருக்கை ஒரு ஈற்றில் சில குட்டிதான் போடும். ஆனைத்திருக்கை ஒரு வருஷம் போலச் சுமந்து ஒன்றே ஒன்று. வலையில் ஒரு தாய் போனால் எடுத்த கணக்கை ஈடுகட்ட வருஷங்கள் ஆகும். 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன் டைனோசர்களை அழித்த பிரளயத்தில், திருக்கை வகைகளில் 100-க்கு 70-க்கு மேல் இல்லாமல் போயின என்று 2023-ல் ஒரு கணக்கு வெளிவந்தது. சுறாக்களைவிட இவற்றுக்குத்தான் அடி அதிகம். மிஞ்சியவற்றின் சந்ததிதான் அத்தையின் சட்டியில் இருந்தது. அதே சுறா, திருக்கை இனங்களில் இன்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் அபாயத்தில் இருப்பதாக 2021-ல் உலக விஞ்ஞானிகள் எண்ணிச் சொன்னார்கள். இந்தத் தடவை எரிமலையும் இல்லை, விண்கல்லும் இல்லை, வலைதான். நம் சர்க்கார் 2001-ல் ரம்ப மூக்கு வேளா மீனையும் சில திருக்கை வகைகளையும் வேங்கைப் புலிக்குச் சமமாகப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. சந்தைக்கு வருகிற சாதாரணத் திருக்கை அந்தப் பட்டியலில் இல்லை. நான் அன்று இரண்டாம் தரம் புட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன். ஆகையால் இந்த விஷயத்தில் உபதேசம் செய்கிற யோக்யதை எனக்கு இல்லை.

✻

சாயங்காலம் தமக்கையின் வீட்டுத் திண்ணையில் சாய்ந்துகொண்டிருந்தேன். பழைய கட்டு, சங்குச் சிப்பி சுட்ட சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து மெழுகிய சுவர். கன்னத்தை வைத்தால் கண்ணாடி மாதிரி குளிர்ச்சி. பக்கத்தில் அத்தான் புதிதாக எழுப்பியிருக்கிற அறை சிமெண்டு. எனக்கு ஒரு வேடிக்கை தோன்றியது. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். நம் பக்கத்தில் அது வருகிற பெரிய இடங்களில் ஒன்று, அந்தப் பழைய கடல்தான். கல்லக்குடியில் 1939-லேயே சிமெண்டு ஆலை வந்துவிட்டது. அங்கே வெட்டுவது பவழப் பாறை. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிச் சுரங்கங்களில், உள்ளங்கை அகலச் சிப்பிகள் கிடை கிடையாகக் குவிந்த கல். சுமார் 7 கோடி வருஷத்துச் சிப்பி. பழைய சுவரில் நேற்றைய கடல். புதுச் சுவரில் ஆதிகாலத்துக் கடல்.

அந்தச் சுரங்கம் வெட்டாதிருந்தால் பல கல் பிராணிகளைக் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது என்பது நிஜம். வெட்டின பிறகு, பார்த்ததைவிடப் பார்க்காமலே அரைத்துப் பொடி செய்ததுதான் அதிகம் என்பதும் நிஜம். அதில் எத்தனை பல் போயிற்றோ! மிச்சத்தில் கொஞ்சத்தை வாரணவாசியில் அரசாங்கம் அமைத்திருக்கும் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் படுத்திருக்கிற மரத்தையும் பார்க்கலாம். 1940-ல் நம்மவரான எம்.எஸ். கிருஷ்ணன் கண்டது. அடுத்த தடவை திருச்சிக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் ஒரு பகல் ஒதுக்கினால் போதும். குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். தயிர் சாதத்தை மறக்க வேண்டாம். அங்கே நிழல் கிடையாது.

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் புறப்பட்டேன். மருமகள் என்னைக் கூப்பிட்டு, தலைமாட்டுப் பெட்டியிலிருந்து எதையோ எடுத்துக் கொடுத்தாள். என் பெலம்நைட்! சொட்டாங்கல் ஆடி ஆடி ஒரு பக்கம் பளபளத்துப் போயிருந்தது. "இதுக்கு எந்த ஊர் மாமா?" என்றாள். காரை என்றேன். காரையில் எங்கே என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

வாசலில் கடைக்குட்டி காத்திருந்தான். முதல் நாள் மீன்காரம்மாளைக் கெஞ்சித் திருக்கையின் தாடையை வாங்கி, அப்பத்தாவின் வசவையும் சேர்த்து வாங்கி, வெந்நீரில் போட்டுச் சுரண்டியிருக்கிறான். ஒரு தீப்பெட்டிக்குள் கம்பு மணி அளவில் முப்பது, நாற்பது பல். பெட்டியின் மேல் ஒரு காகிதம் ஒட்டி, பென்சிலால் எழுதியிருந்தான்: 'திருக்கை. தொண்டிக் கடல். சிங்கம்புணரி, எங்க வீட்டு அடுப்படி.' தேதியும் போட்டிருந்தான்.

"'தொண்டிக்' கிட்ட 'க்' வருமா மாமா?" என்று கேட்டான்.

வரும் என்றேன். பஸ் வந்துவிட்டது.